எழுதாதே, ஆனால் படி

விதிப் புத்தகத்தை யாராவது ஆசையோடு படிப்பார்களா? ரெயில்வே கால அட்டவணையையாவது ஊருக்குப் போகும் நினைப்பில் புரட்டலாம். பஞ்சாங்கத்தில் நம் ராசிக்கு நல்ல வார்த்தை ஒன்றாவது அகப்படும். விதிப் புத்தகத்தில் "வேண்டும்", "கூடாது" என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறு என்ன இருக்கப் போகிறது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். தொடர்கதை ஒன்றில் ஒரு பாத்திரத்துக்குக் கணினி உத்தியோகம் கொடுத்தேன். அதனால் அப்படிப்பட்ட புத்தகம் ஒன்றைப் படிக்க நேர்ந்தது. உத்தியோகம் கொடுத்தால் போதுமா? ஆபீசில் அவன் என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? அண்ணன் மகனைக் கேட்டேன். அவன் ஐம்பது பக்கத்துக்குச் சற்று அதிகமான காகிதக் கட்டு ஒன்றை அச்சடித்துக் கொடுத்து, "சித்தப்பா, உலகத்தில் போகிற மின்னஞ்சலுக்கெல்லாம் இதுதான் இலக்கணம்" என்றான்.

இலக்கணம் என்றால் உண்மையிலேயே இலக்கணந்தான். மின்னஞ்சல் என்பது ஒரு தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளின் தலையில் சில வரிகள்: யார் அனுப்பியது, யாருக்கு, எந்தத் தேதி, என்ன விஷயம். அவற்றின் கீழே ஒரு வரியை வெறுமையாக விட்டுவிட வேண்டும். அதற்கும் கீழே கடிதம். நாம் கையால் எழுதும் கடிதத்தில் தேதியை வலப் பக்கம் போட்டாலும் இடப் பக்கம் போட்டாலும் படிக்கிறவர் கண்டுகொள்வார். இயந்திரத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஒரு புள்ளி இடம் மாறினாலும் திகைத்து நின்றுவிடும். ஆகவே எது எங்கே, எப்படி என்று எழுதி வைத்தாக வேண்டும்.

1971-ல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர், கணினி வலையின் வழியே முதல் கடிதத்தை அனுப்பினார். ஆளின் பெயருக்கும் கணினியின் பெயருக்கும் நடுவே, வால் சுருண்ட 'ஏ' எழுத்தைப் போட்டவர் அவர்தான். 1973-ல் அவரும் இன்னும் மூவரும் சேர்ந்து, தலைவரிகள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். அந்த மூவரில் ஒருவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அபய் பூஷண். 1977-ல் விரிவான விதி ஒன்று வந்தது. அதன் எண் 733. 1982 ஆகஸ்டில் டேவிட் கிராக்கர் அதைத் திருத்தி எழுதினார், எண் 822. 2001 ஏப்ரலில் பீட் ரெஸ்னிக் மறுபடி திருத்தினார், 2822. 2008 அக்டோபரில் அவரே இன்னொரு முறை, 5322. எண்களின் கடைசியைக் கவனியுங்கள். நம் வீடுகளில் பாட்டன் பெயரைச் சுமப்பதால் பேரனுக்குப் 'பேரன்' என்ற பெயரே வந்தது அல்லவா? இங்கேயும் அதே கதைதான்.

இந்த விதி ஏடுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு தடவை வெளியிட்டுவிட்டால் பிறகு ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடமாட்டார்கள். மாற்றம் வேண்டுமானால் புது எண்ணோடு புது ஏடு போட வேண்டும். பழையது அப்படியே இருக்கும். இன்றைக்கும் 1982-ம் வருஷத்து ஏட்டை எடுத்துப் படிக்கலாம்.

சரி, திருத்துவதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். குடியிருந்துகொண்டே வீட்டை இடித்துக் கட்டுகிறவனுக்கு என்ன கஷ்டமோ அதுதான். 1982-க்கும் 2001-க்கும் இடையில் பத்தொன்பது வருஷம். அதற்குள் உலகமெங்கும் எத்தனையோ ஆபீசுகளில், கல்லூரிகளில், வீடுகளில் பழைய விதிப்படி கடிதம் எழுதும் கணினிகள் உட்கார்ந்துவிட்டன. "நாளை முதல் புது விதி" என்று உத்தரவு போட ராஜாவும் கிடையாது, மந்திரியும் கிடையாது. போட்டாலும் கேட்கிறவர் யார்? பழைய முறையை அடியோடு தள்ளிவிட்டால் பழைய கணினியிலிருந்து வரும் கடிதம் குப்பைக்குப் போகும். தள்ளாமல் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டாலோ திருத்தத்துக்கே அர்த்தமில்லை.

இந்தச் சிக்கலை 2001-ம் வருஷத்து ஏடு அவிழ்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அது ஒரே இலக்கணத்தை இரண்டு பாகமாக எழுதியது. ஒரு பாகம், இனிமேல் கடிதம் எழுதுகிறவனுக்கு. சுத்தமாக, சுருக்கமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுத வேண்டும் என்கிறது அது. அடுத்த பாகத்துக்கு 'வழக்கொழிந்த இலக்கணம்' என்று தலைப்பு வைக்கலாம். அதில் பழைய பழக்கங்களையெல்லாம் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். இவற்றை நீ எழுதக் கூடாது; ஆனால் யாராவது எழுதி அனுப்பினால் நீ படித்தாக வேண்டும். ஒரே வாக்கியத்தில் சொன்னால், எழுதாதே, ஆனால் படி.

கணினிக்காரர்கள் இதைப் 'பின்னோக்கிய இணக்கம்' என்கிறார்கள். நமக்கு இது புதிதல்ல. 1978-ல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது, தும்பிக்கை போட்ட 'லை'யும் 'னை'யும் பள்ளிக்கூடத்தை விட்டுப் போயின. என் தலைமுறையார் அவற்றை எழுதக் கற்கவில்லை. ஆனாலும் பாட்டியின் கடிதத்தில் அந்த எழுத்து வந்தால் தடையில்லாமல் படித்தோம். பாட்டி பழைய விதிப்படி எழுதினாள் என்பதற்காகக் கடிதத்தைத் திருப்பி அனுப்பினோமா என்ன?

வழக்கொழிந்த பழக்கங்களின் பட்டியலைப் படிக்கும்போது மனித சுபாவம் பளிச்சென்று தெரிகிறது. முதலில், வருஷம். 1982-ம் வருஷத்து விதி, ஆண்டுக்கு இரண்டு இலக்கம் போதும் என்றது. நாமும் செக்கில் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தோம். 1989-ல் இன்னொரு ஏடு நான்கு இலக்கம் எழுதுவதே நல்லது என்று எச்சரித்தது. எல்லாரும் கேட்டார்களா? 2000-ம் வருஷம் பிறந்தபோது, 1900-லிருந்து எண்ணிக்கொண்டு வந்த சில கணினிகள், தொண்ணூற்றொன்பதுக்கு அடுத்தது நூறுதானே என்று ஆண்டை '100' என்று எழுதின! சிரித்துவிட்டு ஒதுக்கலாம். ஆனால் விதி எழுதுகிறவர் சிரித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. 2001-ம் வருஷத்து ஏடு நிதானமாகச் சொல்கிறது: இரண்டு இலக்கம் வந்து, அது 00 முதல் 49 வரை இருந்தால் 2000-ஐக் கூட்டிக்கொள். 50 முதல் 99 வரை இருந்தால் 1900-ஐக் கூட்டு. மூன்று இலக்கம் வந்தாலும் 1900-ஐக் கூட்டு. ஆக, 100 என்று உளறினவனுக்கும் 2000 என்ற சரியான வருஷம் கிடைத்துவிடுகிறது. ஆனால் நீ எழுதும்போது நான்கு இலக்கம். அதில் சலுகை கிடையாது.

அடுத்தது இனிஷியல். இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். அனுப்புகிறவரின் பெயரில் முற்றுப்புள்ளி வரக் கூடாது என்பது பழைய விதி. வந்தால் பெயர் முழுவதையும் மேற்கோள் குறிக்குள் அடைக்க வேண்டும். புள்ளி என்பது முகவரியின் பாகங்களைப் பிரிக்கும் அடையாளம். பெயரில் வந்தால் இயந்திரம் குழம்பும் என்பது காரணம். 'ஆர். சுந்தரம்' என்று எழுதுகிற ஊர் நம்முடையது. தகப்பனார் பெயரையும் பூர்வீக ஊரையும் இரண்டு எழுத்திலும் இரண்டு புள்ளியிலும் அடக்கி வைத்திருக்கிற ஜனங்கள் நாம். இந்த விதியைப் பார்த்தால் தமிழ்நாடே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியதுதான்! நல்லவேளை, மேல்நாட்டாரும் நடுப் பெயருக்கு இனிஷியல் போடுகிறவர்கள். ஆகவே 2001-ம் வருஷத்து ஏடு இறங்கி வந்தது. இந்தப் புள்ளி எந்தக் காலத்து விதியிலும் அனுமதிக்கப்பட்டதல்ல, ஆனாலும் பலர் இனிஷியலுக்காகப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஆகையால் புரிந்துகொண்டாக வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. பழைய சட்டத்துக்கு இடம் கொடுப்பது ஒன்று. சட்டத்தில் என்றும் இல்லாத பழைய பழக்கத்துக்கு இடம் கொடுப்பது அதைவிடப் பெரிய மனசு.

மூன்றாவது உதாரணம் கொஞ்சம் நுட்பமானது. உலகத்து நேர மண்டலங்களை ராணுவத்தார் ஒவ்வோர் ஆங்கில எழுத்தால் குறிப்பது உண்டு. 1982-ம் வருஷத்து விதி அதையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்தும் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியும் அச்சாகிவிட்டது. பிற்பாடு அப்படிப்பட்ட எழுத்தோடு ஒரு கடிதம் வந்தால், எழுதினவன் விதியை நம்பி எழுதினானா, ராணுவ வழக்கப்படி எழுதினானா? தெரிந்துகொள்ள வழியே இல்லை. புதிய விதி என்ன செய்தது தெரியுமா? கடிதத்தை வாங்கிக்கொள், அந்த நேரக் குறியை மட்டும் 'தெரியாது' என்று வைத்துக்கொள் என்றது. கடிதத்தைத் தள்ளவும் இல்லை, கடிகாரத்தை நம்பவும் இல்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பழைய கதைகளின் தேதி விஷயத்தில் நாமும் இதைத்தானே செய்கிறோம்?

இப்படியாகப் பழையது புதியதற்குள் எங்கெங்கோ குடியிருக்கிறது. ஒவ்வொரு மின்னஞ்சலின் ஒவ்வொரு வரி முடிவிலும் இன்றும் இரண்டு கட்டளைகள் உண்டு: வண்டியை வரியின் தொடக்கத்துக்குத் தள்ளு, தாளை ஒரு வரி மேலே ஏற்று. தட்டச்சுப் பள்ளிக்குப் போனவர்களுக்கு அந்த 'டிங்' சத்தமும் கைப்பிடியும் நினைவுக்கு வரும். வண்டியும் இல்லை, தாளும் இல்லை. கட்டளை மட்டும் இருக்கிறது. நகல் அனுப்புவதற்குப் போடும் 'சி.சி.' என்ற இரண்டு எழுத்தும் கார்பன் காகிதத்தின் ஞாபகந்தான்.

நம் தமிழ் இந்த வீட்டுக்குள் நுழைந்த கதை தனி. பழைய விதியின் பாதை மிகவும் குறுகல். ஆங்கில எழுத்துக்களும் எண்களும் சில குறிகளும் தவிர வேறு எதுவும் அதில் போகாது. 1992-ல் நதானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இருவர் 'மைம்' என்ற விதியைக் கொண்டுவந்தார்கள். உலகத்து எழுத்துக்கள், படங்கள், பாட்டு எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்ப அது வழி செய்தது. பாதையை இடித்து அகலமாக்கினார்களா என்றால், இல்லை. சாமானைப் பாதைக்குத் தக்கபடி மடித்துக் கட்டினார்கள். தமிழ் 'அ' இன்று கணினிக்குள் மூன்று துண்டாக எழுதப்படுகிறது. அதை மடித்துக் கட்டினால் நான்கு குறியாகிறது: நாலு, கே, ஆறு, எஃப். 'ஆ' என்றால் கடைசிக் குறி மட்டும் 'ஜி' ஆகும்; 'இ' என்றால் 'ஹெச்'. நாம் 'அம்மா' என்று தலைப்புப் போட்டு அனுப்பும் கடிதம் இப்படி மாறுவேஷம் போட்டுக்கொண்டு பழைய கணினிகளின் வழியே போய், சேர வேண்டிய இடத்தில் வேஷத்தைக் கலைத்துக்கொள்கிறது. வழியில் இருந்த பழைய கணினிக்குத் தன் கையில் தமிழ் போனதே தெரியாது. அதோடு, புதிய முறை தெரியாத கணினியில் கடிதம் போய்ச் சேர்ந்தால் படிக்கிறவர் திகைக்கக் கூடாதே என்று, இது பல பகுதிகள் கொண்ட கடிதம் என்ற ஒரு சிறு குறிப்பை முன்னால் எழுதி வைக்கவும் இடம் விட்டார்கள். புதிய கணினி அதைத் தாண்டிப் போய்விடும்; பழைய கணினியில் மட்டும் அது கண்ணில் படும். பழையவர்களுக்காக எழுதி, புதியவர்களின் கண்ணுக்குத் தெரியாமல் வைக்கிற அந்த மரியாதையை நான் வெகுவாக ரசித்தேன்.

எல்லாரும் இப்படி நடந்துகொண்டார்களா? அதற்கு என் வீட்டுக் கதை ஒன்றையே சொல்கிறேன்.

என் தாய்மாமா தாலுகா ஆபீசில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தமிழில் தட்டச்சு செய்யப் பழகிக்கொண்டு, 2002-ல் எனக்கு மின்னஞ்சல் எழுத ஆரம்பித்தார். நான் கதை எழுதத் தொடங்கியிருந்த காலம். ஒவ்வொரு கதைக்கும் அவரிடமிருந்து ஒரு கடிதம் வரும். 2011-ல் அவர் காலமானார். சில வருஷங்களுக்குப் பிறகு அத்தை, "அவர் உனக்கு என்னதான் எழுதினார்? ஒன்றையாவது படித்துக் காட்டேன்" என்றாள். தேடி எடுத்துத் திறந்தேன். தலைவரிகள் கண்ணாடிபோல் இருந்தன. மாமாவின் பெயர், இனிஷியல் புள்ளி உட்பட. தேதி, மணி, நம் நாட்டு நேரத்துக்கு அடையாளமான ஐந்தரை. கீழே கடிதம் இருக்க வேண்டிய இடத்திலோ, கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துக்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒரு வார்த்தை தமிழ் இல்லை.

காரணம் இதுதான். அந்த நாளில் தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஒவ்வொருவரும், கணினியில் இருந்த 256 கட்டங்களில் தத்தம் இஷ்டப்படி தமிழ் எழுத்தை உட்கார வைத்தார்கள். ஒருவருக்கு 'க' இருந்த கட்டத்தில் இன்னொருவருக்கு 'ழ' இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டிப் பொது முறைகள் வகுக்கப்பட்டன. அப்போதும் பலர் தம் வழியிலேயே போனார்கள். பிறகு யூனிகோடு வந்தது; எல்லாரும் மெல்ல மெல்ல அதற்கு மாறினார்கள். மாறியது நல்லதுதான். ஆனால் மாறினவர்கள், பழைய எழுத்துருவில் வந்த கடிதத்தைப் படிக்கும் பொறுப்பைத் தங்கள் மேல் போட்டுக்கொள்ளவில்லை. "எழுதாதே" என்ற பாதியை எடுத்துக்கொண்டார்கள்; "ஆனால் படி" என்ற பாதியை விட்டுவிட்டார்கள்.

அச்சகம் ஒன்றில் பக்கம் கோக்கும் பையன் அதைப் பார்த்த மாத்திரத்தில் எந்த எழுத்துரு என்று சொன்னான். பத்து நிமிஷத்தில் மாற்றியும் கொடுத்தான். மின்னஞ்சல் விதி பையைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தது; பைக்குள்ளே ஒரு துண்டும் சிதையவில்லை. அதனால்தான் மாற்ற முடிந்தது. அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "அன்புள்ள மருமகனுக்கு, கதை படித்தேன். அந்தக் கிழவியை ஏனப்பா கொன்றாய்? அவள் இன்னும் நாலு நாள் இருந்தால் உனக்கு என்ன நஷ்டம்?" அத்தை சிரித்தாள். "அவரேதான்" என்றாள். பிறகு, "இன்னொரு தடவை படி" என்றாள்.

பழைய முறையைப் படிக்கும் கடமை எதற்கு என்று கணக்குப் பார்க்கிறவர்கள் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

எதிர்க் கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது தர்மமல்ல. எழுதுவதில் கண்டிப்பாயிரு, வாங்குவதில் தாராளமாயிரு என்று 1980-ல் ஜான் போஸ்டல் வகுத்த கொள்கை இந்த உலகத்தில் வெகு பிரசித்தம். ஆனால் வாங்குகிறவன் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டால், எழுதுகிறவன் எதற்காகத் திருந்துவான்? தப்பு விதியாகிவிடும். இதை எச்சரித்து 2023-ல் ஓர் ஏடே வந்திருக்கிறது. அதே வருஷம் டிசம்பரில் இன்னொன்றும் வெளிப்பட்டது. கடிதம் முடிந்தது என்று சொல்லும் அடையாளத்தை அரைகுறையாக எழுதினாலும் சில கணினிகள் தாராள மனசோடு ஏற்றுக்கொண்டன. அனுப்பும் கணினிக்கு ஒரே கடிதமாகத் தெரிவது, வாங்கும் கணினிக்கு இரண்டாகத் தெரிந்தது. அந்த இரண்டாவது கடிதத்தில் அயோக்கியன் ஒருவன் வேறொருவர் பெயரைப் போட்டு அனுப்பலாம்! தாராளம் திருடனுக்குக் கதவு திறந்தது.

ஆகவே பொறுமைக்கும் ஓர் எல்லை வேண்டும். எதைப் பொறுத்துக்கொள்வது என்று எழுதி வைத்துப் பொறுக்க வேண்டும். பட்டியல் போட்டுச் செய்வது தாட்சண்யம்; பட்டியல் இல்லாமல் எது வந்தாலும் விழுங்குவது அசட்டுத்தனம். 2001-ம் வருஷத்து ஏட்டின் சாமர்த்தியம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சில சமயம் பழையதை விட்டு விலகித்தான் தீர வேண்டும். வால் சுருண்ட 'ஏ'க்கு முன்னால் தமிழிலேயே பெயர் போட்டு முகவரி வைத்துக்கொள்ள வேண்டுமானால், எந்த மடிப்பும் உதவாது. பழைய கணினியால் அதைச் சுமக்கவே முடியாது. 2012-ல் அதற்கும் விதி செய்தார்கள். எப்படி? அனுப்பும் கணினி முதலில் விசாரிக்கும். எதிர்க் கணினி தனக்கு இந்தப் புது முறை தெரியும் என்று அறிவித்தால்தான் கடிதத்தைக் கொடுக்கும். அறிவிக்காவிட்டால் கடிதம் அனுப்பினவரிடமே திரும்பி வரும். யாரையும் ஏமாற்றாமல், நடுவழியில் சிதைக்காமல் செய்த பிரிவு அது. முகவரியின் வால் பகுதிக்கு 'இந்தியா', 'இலங்கை', 'சிங்கப்பூர்' என்ற தமிழ்ப் பெயர்கள் ஏற்கெனவே உலகப் பட்டியலில் இருக்கின்றன. தலைப் பகுதியும் தமிழாக எல்லா இடத்திலும் செல்லுபடியாக, கேள்வி கேட்கப்படும் கணினிகள் ஒவ்வொன்றாக 'தெரியும்' என்று சொல்ல வேண்டும். அதற்கு நாளாகும். உத்தரவு போட்டு வருவதல்ல அது.

சீர்திருத்தக்காரர்கள் பொதுவாக அவசரக்காரர்கள். பழையதைப் படிக்கவும் கூடாது என்பார்கள். பழமை விரும்பிகளோ புதியதை எழுதவே கூடாது என்பார்கள். இந்த இருவருக்கும் நடுவில், தன் எழுத்தில் கண்டிப்பும் பிறர் எழுத்தில் பொறுமையும் வைத்துக்கொண்டு ஒரு சிறு கூட்டம் கூலிக்கும் புகழுக்கும் பெரிதாக ஆசைப்படாமல் உட்கார்ந்து எழுதியிருக்கிறது. அவர்களுடைய பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் 1982-ல் இரண்டு இலக்க வருஷத்தோடு எவரோ எழுதி வைத்த கடிதம் ஒன்று எங்காவது பெட்டியில் கிடந்தால், நாளைக்கு அதைத் திறக்கிறவர்களுக்கு அது எந்த வருஷத்துக் கடிதம் என்று சரியாகத் தெரியும்.